திருப்பிச் சுற்றாத டேப்புகள்

சான் பாப்லோ, பிலிப்பைன்ஸ்
2009 ஜூன் 14, ஞாயிறு, பிற்பகல் இரண்டு பத்து. மொத்த டேப்புகள் பதினொன்று, முடிந்தவை எட்டு, இப்போது ஓடுவது ஒன்பதாவது.

அன்புள்ள ஜோவி,

நானும் உன் அம்மாவும் நலம், காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை, தைவானில் நீயும் அப்படியே இருப்பதாக எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீடியோ டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றக் குறுக்கு வழி கிடையாது, ஒரு மணி நேர டேப் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும், எழுந்து போனால் அந்த நேரம் பார்த்துச் சிக்கிக்கொள்ளும், பழைய பிளேயர், அதன் ஹெட்டை நேற்றுதான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பக்கத்தில் சும்மா உட்கார எனக்கு வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். அறைத்தோழிகளுக்குக் காட்டச் சின்ன வயசுப் படம் வேண்டும் என்று நீதான் கேட்டாய், கூடவே உன் அம்மாவைச் சொல்லி "அவளப் பத்தி ஒண்ணும் எழுத வேணாம்பா, டிஸ்க்க மட்டும் அனுப்பு" என்றாய். எழுதத்தான் போகிறேன். பிடிக்காவிட்டால் இங்கேயே மடித்து வைத்துவிடு.

இவை உன் ஐந்து வயதிலிருந்து பதினொன்று வரை வாடகைக் கேமராவில் நான் எடுத்து, குவைத்தில் வீட்டு வேலையில் இருந்த உன் அம்மாவுக்கு, ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பியவை. போன டிசம்பரில் உன் அம்மா ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது பதினொன்றையும் துண்டில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்தாள், ஒன்றுகூடத் தொலையவில்லை. போன வாரம் முதல் டேப்பைப் போட்டேன், வெறும் புள்ளிதான் வந்தது. இரண்டு நொடி பின்னால் ஓட்டினால் உன் மழலைப் பள்ளி விழாவின் கடைசிக் கைதட்டல். அதாவது நான் பதிவை நிறுத்திய அதே இடம். நான் திருப்பிச் சுற்றி அனுப்புகிறவன் இல்லை, யார் பார்க்கிறார்களோ அவர்கள் சுற்றிக்கொள்ளட்டும் என்று விடுகிறவன். போட்டுப் பார்த்தவர்கள் கடைசி வரை பார்த்தாலும் நிறுத்துவதற்குள் கொஞ்சமாவது தாண்டிப் போயிருக்கும். தாண்டவில்லை. ஒரு டேப் அப்படி என்றால் தற்செயல் என்று விடலாம். பதினொன்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன், பதினொன்றும் அப்படியே.

உன் அம்மா அடுப்படியில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். போய் நேராகக் கேட்டேன், நெனிட்டா, நீ இதுல ஒண்ணக்கூடப் பாக்கலயா என்று. அவள் கையை நிறுத்தவில்லை. "பாக்கல" என்றாள். "மெஷினு அவங்க ஹால்ல இருந்துச்சு. தெனம் நான்தான் தொடைப்பேன். ஒருதடவ மேடத்துகிட்ட கேட்டேன், அப்பறம் பாக்கலாம்னாங்க. அந்த அப்பறம் வரவேயில்ல, நானும் மறுபடி கேக்கல." அப்ப எதுக்குப் போன்ல பாத்தேன் பாத்தேன்னு சொன்ன என்றேன். "பாக்கலன்னு சொன்னா நீ அனுப்பறத நிறுத்திடுவ டெல்ஃபின். நீ அந்த மாதிரி ஆளு. எனக்கு அது வந்துக்கிட்டே இருக்கணும். தலகாணிக்கு அடியில இருந்தாப் போதும், லேபிள்ல ஜோவி எழுத்து இருக்கும்ல" என்றாள். உண்மைதான், நிறுத்தியிருப்பேன். வீணாக எதையும் செய்கிறவன் இல்லை நான். நடுவில் இரண்டு முறை விடுமுறையில் வந்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை, பார்த்ததாகச் சொல்லியாகிவிட்டதே.

அதனால் உன் கணக்கு சரி. மே மாத மாதா ஊர்வலத்தில் நீ போட்ட கவுன் என்ன கலர் என்று பதினொரு வயதில் அவளிடம் போனில் கேட்டாய், அவள் மஞ்சள் என்றாள், நீ "பொய் சொல்றா" என்று ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுப் போனாய், அதற்குப் பிறகு அவளிடம் ஆம் இல்லை தவிரப் பேசவில்லை. அவள் டிசம்பரில் வருகிறாள் என்று தெரிந்தும் அக்டோபரில் தைவான் வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய். பொய்தான் சொன்னாள். ஏன் சொன்னாள் என்பது மட்டும் உனக்குத் தெரியாது, எனக்கும் போன வாரம் வரை தெரியாது. தெரிந்த பிறகு எனக்கு என்ன தோன்றியது என்றால், ஒன்றும் தோன்றவில்லை. பிளேயரின் பெல்ட்டை மாற்றினேன்.

இப்போது டேப் ஓடும்போதெல்லாம் அவளும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. இந்தப் பல்லு எப்ப விழுந்துச்சு என்கிறாள், எனக்கு நினைவில்லை. இந்தப் பையன் யாரு என்கிறாள், அதுவும் தெரியவில்லை. கூடவே இருந்த நானும் பார்க்கவில்லை போலிருக்கிறது, கேமராவுக்குள் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன். முந்தாநாள் ஊர்வல டேப் ஓடியது. நீ பூ வளைவின் கீழ் நடந்து வந்தாய். "நீலம்" என்றாள், அவ்வளவுதான், எழுந்து போய் ஏற்கெனவே கழுவிய பானையை மறுபடி கழுவினாள். காலையில் எழுந்ததும் நம் டிவியைத் துடைக்கிறாள், யாரும் சொல்லாமலே. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருக்கிறோம், சண்டை இல்லை, வேறொன்றும் இல்லை. நேற்று எதிர்வீட்டு செலோ அண்ணன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னலில் நின்று "என்னடா டெல்ஃபின், குவைத் மகாராணி பகல்லயே படம் பாக்குறாங்களா, கஞ்சி யாரு வெக்கிறது" என்று சீண்டினார். அவள் திரும்பாமலே, "நீங்க சேவலப் பாக்குற நேரத்துக்கு நான் எம்பொண்ணப் பாக்குறேன், வழிய விடுங்கண்ணே, வெளிச்சம் மறைக்குது" என்றாள். வந்து ஆறு மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

மன்னித்துவிடு என்று எழுதமாட்டேன், அது என் வேலை இல்லை. பழுது எங்கே என்று சொல்வதுதான் என் வேலை, சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு நீ வருவாயா என்று அவள் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் உன் கட்டிலுக்குப் புது உறை தைத்து வைத்திருக்கிறாள். இரவு ஷிஃப்ட் முடிந்ததும் சாப்பிடாமல் தூங்காதே. ரைஸ் குக்கரை நீட்டு வயரில் சொருகாதே, சுவரில் நேராகச் சொருகு, இதை மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். டேப் முடியப் போகிறது. இனி நான் செய்யப்போவது:

1. மிச்ச இரண்டு டேப்புகளையும் இந்த வாரம் ஏற்றி முடிப்பேன்.

2. டிஸ்க் இரண்டு செட் போடுவேன், ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு.

3. அடுத்த ஞாயிறு இரவு எட்டுக்கு உன்னைக் கூப்பிடுவேன். அவளும் அதே அறையில் இருப்பாள். நீ கேட்டால் போனைக் கொடுப்பேன், கேட்காவிட்டால் கொடுக்கமாட்டேன்.

4. மாதம் ஒருமுறை உன் அம்மாவைப் பத்து நிமிடம் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல். அப்போதும் அனுப்புவேன்.

அப்பா