ஒன்பதாவது வரிக்குக் கீழே

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் சிநேகிதியிடம் கைக்கணினி கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் சாமான், பயப்படாதே, கடிக்காது. அதில் கட்டம் கட்டமாக ஒரு ஸ்பிரெட்ஷீட் இருக்கும். அப்பா தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் எத்தனை மில்லி என்று ‘பி’ வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடு. பி2 முதல் பி9 வரை கூட்டி மேலே காட்டும்படி ஃபார்முலா போட்டிருக்கிறேன். தினமும் காலையில் பழைய எண்களை அழித்துவிடு. அப்பாவின் இதயத்துக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லிதான் தாங்கும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். இஞ்ச் டேப்பைத் தவிர வேறு எண்ணைத் திரும்பிப் பார்க்காத என் தையல்கார அண்ணன் இதையாவது பார்ப்பாராக!

உன் வாலு

மார்ச் 19

அன்புள்ள வாலு,

உன் பெட்டி பெரிய உபகாரம். முன்பெல்லாம் டம்ளர் டம்ளராகக் கொடுத்து மத்தியானத்துக்குள் அளவு தீர்ந்துவிடும். அப்புறம் அப்பா, "ஒரு வாய் குடுடா, உனக்குப் புண்ணியமா போகும்"னு கெஞ்சுவார். பெற்ற அப்பனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வதைப் போல ஒரு பிழைப்பு உண்டா?

இப்போது காலையிலிருந்து ஐம்பது ஐம்பதாக வாய் நனைக்கிறேன். கட்டம் போதாமல் கீழே கீழே போட்டுக்கொண்டு போகிறேன். நேற்று இருபத்தாறு வரி. சாயங்காலம் மேலே பார்த்தால் நானூறுதான்! கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் சேருவதும் குறைவு போலிருக்கிறது. மீதி நிறைய இருக்கிறதே என்று இரண்டு முழு டம்ளரும் கொடுத்தேன். பல நாளைக்கு அப்புறம் "போதும்டா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பாவுக்குக் கால் லேசாக வீங்கியிருக்கிறது. நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதால் இருக்கும். வீட்டு ஃபோன் மறுபடி செத்துவிட்டது. சரிசெய்ய ஆள் வரவில்லை.

அண்ணன்

மார்ச் 28

அண்ணா,

இதைப் படித்த உடனே தண்ணீரை நிறுத்திவிட்டு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. அந்த ஃபார்முலா ஒன்பதாவது வரியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே நீ எழுதியது எதையும் அது கூட்டவில்லை. எட்டு டம்ளருக்கு மேல் போகாது என்று நானாக நினைத்து எட்டுக் கட்டம் மட்டும் வைத்தேன். கூடினால் என்ன செய்வது என்று உனக்குச் சொல்லித்தரவும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. பதினோரு தடவை ஃபோன் அடித்துப் பார்த்துவிட்டேன். இந்தக் கடிதம் வந்துசேர எத்தனை நாளாகுமோ.

வாலு

ஏப்ரல் 9

தங்கைக்கு,

அப்பா போன செய்தி உனக்குக் கிடைத்திருக்கும். உன் கடிதம் அவர் போய் நாலு நாள் கழித்து வந்தது.

நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். "ஒரு நாளும் ஆயிரத்தைத் தாண்டலை சார், மெஷின்லயே இருக்கு"ன்னு நான் சத்தியம் பண்ணினேன். "அப்படின்னா இதயமே விட்டுப்போச்சு தம்பி, யாரு என்ன பண்ண முடியும்?"னு தோளைத் தட்டிக்கொடுத்தார். அதை நம்பினேன்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று காகிதம் கிழித்தாகிவிட்டது, அந்த வார்த்தை வரவில்லை. கோபம் இருக்கிறது என்று எழுதவும் மனசு வரவில்லை. நீ எட்டுக் கட்டம் வைத்தாய், கொடுத்த கை என்னுடையது.

அப்பா வயிறாரக் குடித்துவிட்டுப் போனார் என்ற ஒன்றை வைத்துத்தான் அந்த நாலு நாளைத் தள்ளினேன். இப்போது அதுவும் என்னிடம் இல்லை. கொஞ்ச காலத்துக்கு எனக்கு எழுதாதே.

அண்ணன்