பச்சைப் பொட்டலம்

அன்புள்ள யா-சூவுக்கு,

இங்கே ஆஸ்டினில் நான் நலம். அங்கே சின்ச்சுவில் மழை விட்டதா? உன் இடுப்புவலி எப்படி?

எங்கள் சிப்பையும் கையடக்க கேம் கருவிகளில் இறக்கலாமா என்று நேற்று கூட்டம். இறக்கியே ஆகவேண்டும் என்று கத்தினேன். மேலாளர் லியாவ் அக்கா சிரித்தார்: "அதுல லாபமே கம்மி. உனக்கு ஏம்பா இவ்வளவு ஆத்திரம்?"

எப்படிச் சொல்வேன்? என்னோடு படித்த குவான்-டிங், போட்டிக் கம்பெனிக்காரன், தன் சிப் போட்ட கருவியை நம் வீட்டுக்கே வந்து மகனுக்குப் பரிசளித்தான். வீடியோ காலில் ஆ-லே என்னை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. "மாமா குடுத்தது சூப்பரா ஓடுதுப்பா!" என்கிறான்.

பிறகு எங்கள் மாதிரிக் கருவியை ஓட்டிக் காட்டினேன். நின்றுவிட்டது. பயப்படாதே, வேலைக்கு ஆபத்தில்லை. மெஷின் சொன்னபடி கேட்க அதன்மேல் நாம் பச்சை நொறுக்குப் பொட்டலம் வைப்போமே, அது கிடைக்காமல் மஞ்சள் பொட்டலத்தை வைத்திருந்தேன்.

"மஞ்சள் வச்சா படுத்துக்காம என்னய்யா செய்யும்?" என்று இங்குள்ள நம் தைவான்காரர்கள் ஓட்டித் தள்ளினார்கள்.

ஐந்து பச்சைப் பொட்டலம் அனுப்பு. காலாவதித் தேதி பார்த்து வாங்கு. கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

ஆ-லே தூங்கியதும் அவன் கருவிமேல் ஒரு மஞ்சள் பொட்டலத்தை வைத்துவிடு.

உன்,
போ-ஷுன்