கேள்வி கேட்காத சாமி

ஒத்தக்கடை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அருண்பாண்டிக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். ஹாம்பர்க்கில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சிறு வயதிலிருந்தே உனக்குக் குளிர் காதில்தான் இறங்கும். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் பாதி சொல்வதற்குள் நீ வைத்துவிடுகிறாய். தாளை நீ மடித்து வைத்தாலும் எழுதியது அதில் இருக்கும்.

நம் பட்டறை இடத்தில் அடுக்குமாடி வீடு கட்டப்போகிறவர்கள், மண்ணையும் தண்ணீரையும் சோதித்த பிறகுதான் பத்திரம் என்று சொன்னது உனக்குத் தெரியும். போன திங்கட்கிழமை அதற்காகப் பவதாரிணி என்ற பெண் வந்தாள், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். கையுறை மாட்டிக்கொண்டு மண்ணைப் புட்டிகளில் அடைத்து, எண் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். இருபது வருஷம் லாரியும் பஸ்ஸும் உடைத்த இடமாயிற்றே, மேல்மண்ணில் எண்ணெய் இருக்கத்தான் செய்தது, ஓரடி சுரண்டி அகற்றினால் போதும் போலிருக்கிறது என்றாள். பிறகு ஒரு படிவத்தை விரித்து, இங்கே குழி, தொட்டி, கிணறு ஏதாவது இருந்ததா என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் சொன்னது உன் சித்தப்பா ராஜபாண்டி. “கெணறா? இந்தக் கட்டாந்தரையில கெணத்துக்கு எங்கிட்டுப் போறது தாயி” என்று சிரித்தார். நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதில் எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். வடகிழக்கு மூலையிலும் அவள் ஒரு துளை குறித்திருந்தாள். துளை போடும் பேச்சிமுத்து அங்கே போனதும் செருப்பைக் கழற்றிவிட்டார். “மேடம், அருவா நட்டு சாமி நிக்கிது, நான் புள்ளகுட்டிக்காரன், வேற ஆளப் பாத்துக்கங்க” என்றார். அவளும் சற்று யோசித்துவிட்டுக் குறியை முப்பதடி தள்ளி மேட்டுப் பக்கமாகப் போட்டாள். ஆறு துளை, ஆறும் ஆழத்தில் சுத்தம். அன்று மத்தியானம் ஃபோனில் உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். “சாமி எடம்னு அந்த மூலைய பார்க்குன்னு விட்டுருவாங்கம்மா, நீ மட்டும் வாயத் தொறக்காத, தை பொறந்தா வேல முடிஞ்சிரும்” என்றாய். செத்து நான்கு வருஷமான உன் அப்பா ஹாம்பர்க்கிலிருந்து பேசுவது போலிருந்தது.

அந்தச் சாமியை உன் அப்பா நட்டபோது உனக்கு எட்டு வயது, நீ மறந்திருக்க மாட்டாய். வற்றிய கிணற்றில் அவர் வருஷக்கணக்காகக் கழிவு ஆயிலும் பேட்டரி ஆசிட்டும் ஊற்றினார். சுவருக்கு வடக்கே இருக்கும் முனியாயி, போர்வெல் தண்ணீர் நாறுகிறது என்று வந்து சத்தம் போட்ட வாரமே கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டு மூடி, மேலே ஒரு கல்லை நட்டு, லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி அரிவாளாக அடித்துச் செருகினார். “கருப்பு கனவுல வந்து எடம் கேட்டுருச்சு ஆத்தா, அங்கிட்டுத் தோண்டித் துருவாத” என்று அவளிடம் சொன்னார். இது எந்தச் சாமிப்பா என்று நீ கேட்டாய். “கேள்வி கேக்காத சாமிடா” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் அருண், முதல் பொங்கல் வைத்ததும் நான்தான். முனியாயி அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து விளக்குப் போட்டாள், எங்க தண்ணி தெளியணும் சாமி என்று என் காதுபடவே வேண்டிக்கொண்டாள், ரோட்டுக் குழாயிலிருந்து குடம் சுமந்துகொண்டே. நான் நூலகத்திலிருந்து புத்தகம் புத்தகமாக எடுத்துவந்து படித்தேன், அநியாயக்காரர்கள் வரும் இடங்களில் எனக்குக் கோபம்கூட வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குடத்தை இறக்கும் சத்தம் கேட்டால் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.

வெள்ளிக்கிழமை பவதாரிணி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள், முனியாயி அகலோடு வந்தாள். நான் படிவத்தைக் கேட்டு வாங்கி, கிணறு இருந்தது, வடகிழக்கு மூலை, நாற்பதடி ஆழம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேச்சிமுத்து அப்போதும் அசையவில்லை. “நட்ட வீட்டுக்காரங்க புடுங்கட்டும், பெறகு நான் எறக்குறேன்” என்றார். நான் அரிவாளில் கை வைத்ததும் முனியாயி குறுக்கே வந்து நின்றாள். “எஞ்சாமி மேல கைய வச்ச, ஒடிச்சுப்புடுவேன்டி” என்றாள். எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னேன். பதினைந்து வருஷம் சொல்லாமல் இருந்ததைச் சொல்ல நாலு வாக்கியம்தான் தேவைப்பட்டது. பிடுங்கியபோது பட்டையின் அடியில் கம்பெனி முத்திரைகூட அழியாமல் இருந்தது. இருபதடியில் மண் கறுப்பாக வந்தது. முனியாயி ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள். “எங்க போர்த் தண்ணி வாட” என்றாள். பிறகு என்னிடம், “இம்புட்டு வருசமும் ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். அகலிலிருந்த எண்ணெயைச் சீசாவில் திரும்ப ஊற்றிக்கொண்டு, திரியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போய்விட்டாள்.

கட்டுகிறவர்கள் தை என்ற பேச்சையே விட்டுவிட்டார்கள். கிணறு முழுவதையும் தோண்டி அள்ளி, அவள் தண்ணீரையும் சோதித்த பிறகு பார்க்கலாம் என்கிறார்கள், அவர்கள் திரும்பி வராமலும் போகலாம். “அண்ணியா அது, வீட்டுக்குள்ள வந்த சனியன்” என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்கிறாராம். நீயும் கோபப்படு, உனக்கும் அந்த இடத்தில் பாத்தியதை இருக்கிறது, கிணற்றிலும் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழித்து வேலை செய்யாதே. நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள இந்த வாரம் எந்தச் சாமியிடம் போவது என்று தெரியவில்லை, அதனால் நானே ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் அம்மா என்று போன புதிதில் அதிசயமாகச் சொன்னாயே. இதைப் படித்துவிட்டுத் தண்ணீர் பிடித்தால், குடிப்பதற்கு முன் ஒருமுறை முகர்ந்து பார்.

உன் அம்மா,
சரண்யாதேவி