கிரகணத்தில் கிடைத்தது

என் கரடிக்கு,

அன்று நீ ஃபோனில், "என்னடி, உன் நட்சத்திரம் தரிசனம் கொடுத்துச்சா?" என்று கேட்டாய். "கொடுத்துச்சு" என்றேன். கொடுக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

என் நட்சத்திரம் உண்மையில் ஒரு ஜோடி: பெரிய நட்சத்திரம் ஒன்றை ஒரு குட்டி நியூட்ரான் நட்சத்திரம் சுற்றுகிறது. எக்ஸ்ரே வருவது குட்டியிடமிருந்துதான். பழைய சுற்றுக்கணக்கை நம்பி நான் நாள் குறித்துவிட்டேன். செயற்கைக்கோள் பார்த்த நேரம் முழுக்கக் குட்டி, பெரியவளின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இந்த அவதானிப்பு வீணானால் என் வேலை இந்த மாதத்தோடு முடியும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அழுகை வரவில்லை. ஃபோனில் நீ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. இனி உன்னிடமே வந்துவிடலாம் என்று சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் பேராசிரியை திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மறைஞ்சா என்னம்மா? பெரியவ மேலேருந்து வாயு காத்தா வீசுதில்ல, குட்டியோட எக்ஸ்ரே அதுல பட்டுச் சிதறி, லேசா ஒரு மினுக்கு வருது பாரு. குட்டி எதிர்ல நின்னா அதோட பிரகாசத்துல இது கண்ணுக்கே தெரியாது. இதை வெச்சே அந்தக் காத்தை அளந்துடலாம். தப்பைக்கூட நல்ல நேரம் பார்த்துப் பண்ணியிருக்கே!"

நானும் சிரித்தேன். பாதி அடுக்கிய பெட்டி வீட்டில் என் அறையில் திறந்து கிடந்தது.

நேற்று என் வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன்
ஊமைக்கோட்டான்