சிவமலரின் படகில் நான் ஏற்றிய மூன்று நாட்கள்

நேற்று நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். வீட்டு மின்கட்டண ரசீதுக்கு நகல் எடுக்கப் போன இடம். கடைப்பெண் சூடு ஆறாத தாள்களை என் உள்ளங்கையில் வைத்தாள். வெளியே வந்ததும் அந்தச் சூடும் லேசாகக் கருகிய மை வாசமும் சேர்ந்து, கொங்கு மண்டலமே அஞ்சும் என்னைப் போன்ற ஒரு மாவீரனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டன. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன், "ஏனுங்க, ரோட்டுலயே குடியிருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கல்லூரி நாட்களில், மார்கழிக் குளிரில், நண்பா, நீ இப்படித்தான் சூடான நகல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவாய். "சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, சால்வைக்குச் சால்வையும் ஆச்சு மாப்ள" என்பாய்.

நாம் சட்டம் படிக்கப் போனது ஐம்பத்திரண்டாம் வயதில். உனக்கு அது சின்ன வயது ஆசை. உக்கடத்தில் தகரப் பெட்டி செய்யும் உன் வாப்பாவின் கடை அதை முப்பது வருஷம் மூடி வைத்திருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. மோட்டார் பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நீ விண்ணப்பம் வாங்கப் போகும்போது துணைக்கு வந்தவன், எனக்கும் ஒன்று வாங்கிவிட்டேன். பாரத தேசத்தின் நீதித்துறை என் வருகைக்காக ஐம்பது ஆண்டு தவம் கிடந்தது என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள், "டிபன் டப்பாவ மட்டும் தொலைச்சுப்போடாதீங்க" என்றாள்.

முதல் நாள் நாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆசிரியர்கள் என்று நினைத்துவிட்டார்கள். நான் பெருந்தன்மையோடு கையசைத்து உட்காரச் சொன்னேன். நீ என் சட்டையைப் பிடித்துக் கடைசி பெஞ்சுக்கு இழுத்துப் போனாய். அன்றிலிருந்து மூன்று வருஷம் நமக்கு ஒரே பெயர்: அங்கிள்ஸ்.

இரண்டாம் ஆண்டில் கல்லூரியின் சட்ட உதவி மையத்துக்கு சிவமலர் வந்தாள். பவானிப் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவள். சின்னப் பிள்ளையாகத் தாயோடு படகில் வந்தவள். இப்போது அவளுக்கே பள்ளிக்கூடம் போகும் மகள். முகாமில் குறிப்பிட்ட நாட்களில் ஆட்களை எண்ணுவார்கள். தணிக்கை என்று பெயர். அந்த நாளில் ஆள் இருக்க வேண்டும். பல்லடத்தில் தறி வேலைக்குப் போயிருந்த சிவமலர் அடுத்தடுத்து இரண்டு தணிக்கைகளைத் தவறவிட்டாள். பதிவேட்டிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள். பெயர் போனதும் அவள் அனுமதியின்றித் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரி ஆகிவிட்டாள். ஏன் வெளியேற்றக்கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ். மகள் பெயர் பதிவேட்டில் இருந்தது. தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் ஆகிவிடும் நிலை.

மையத்தின் பொறுப்பு வழக்கறிஞர் அம்மா, ஆராய்ச்சி செய்யும் வேலையை நம் இருவரிடமும் கொடுத்தார். நான் களத்தில் குதித்தேன். ஒரே வாரத்தில் நாற்பது பக்கம். அகதிகள் பற்றிய உலக ஒப்பந்தத்தைப் பிரிவு பிரிவாகப் பிழிந்து, ஐந்து கண்டங்களின் தீர்ப்புகளையும் கயிறு கட்டி இழுத்து வந்து போட்டிருந்தேன். நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து நீ அத்தனையையும் படித்தாய். ஒரு மணி நேரம் ஆனது.

"நல்லாத்தான் எழுதியிருக்கற மாப்ள. ஒரே ஒரு கொறைதான்."

"என்ன கொறை?"

"நம்ம நாடு இந்த ஒப்பந்தத்துல கையெழுத்தே போடலை."

"நாப்பது பக்கத்துல ஒரு பக்கங்கூடவா ஆகாது?"

"பின்னாடி பக்கமெல்லாம் காலியாத்தான இருக்குது. அதுல எழுதிக்கலாம்."

அந்தப் பின்பக்கங்களில்தான் உன் ஆராய்ச்சி தொடங்கியது. அகதிகளுக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை என்பதை முதல் வரியாக எழுதினாய். அப்படியானால் இவளுக்கு எது பொருந்தும்? வெளிநாட்டவர் பற்றிய சட்டம், வெளிநாட்டாருக்கும் உயிர் வாழும் உரிமை தரும் அரசியலமைப்பு, முகாம்களுக்கான அரசாணைகள், உயர் நீதிமன்றத் தீர்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டின் தலையிலும் மூன்று கேள்வி: யார் சொன்னது, எப்போது சொன்னது, இன்னும் செல்லுமா?

நீ இதில் மூழ்கியிருந்தபோது, சிவமலரின் வாக்குமூலத்தை எழுதும் பொறுப்பை நான் வாங்கிக்கொண்டேன்.

அவள் கதையை அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். சாயங்காலம் படகில் ஏறினார்கள், விடிந்தபோது இறங்கினார்கள். தாயின் மடியில் தூங்கிவிட்டாள். இவ்வளவுதான். எனக்கு இது போதவில்லை. இதைப் படித்து எந்த அதிகாரியின் மனம் உருகும்? ஆகவே ஒரு ராத்திரியை மூன்று நாளாக்கினேன். பனைமர உயரத்துக்கு அலைகளை எழுப்பினேன். குடிதண்ணீர்க் குடத்தைக் கடலில் கவிழ்த்தேன். அவள் முழுதாகப் படித்துப் பார்க்காமல் என்னை நம்பிக் கையெழுத்திட்டாள். வழக்கறிஞர் அம்மாவும், நீயும்கூட, அவள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று நம்பினீர்கள்.

விசாரணை நாளில், நோட்டீஸ் அனுப்பிய அதிகாரி இரண்டு தாள்களை அக்கம்பக்கமாக வைத்தார். ஒன்று என் படைப்பு. மற்றொன்று, அவள் தாய் வந்திறங்கிய அன்று கரையில் எடுத்த பழைய பதிவு.

"ஏனம்மணி, இதுல மூணு நாள்னு இருக்குது. அதுல ஒரு ராத்திரின்னு இருக்குது. எது நெசம்?"

சிவமலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாள் என்று சொல்லியிருக்கலாம். ஐயா எழுதியது என்று என்னைக் கை காட்டியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

"ஒரு ராத்திரிதான் ஐயா. நான் நித்திரையா இருந்தனான்."

"அப்ப இந்த வாக்குமூலம் பொய்யா? இது பொய்யின்னா, தறிக்குப் போனேங்கறத மட்டும் நான் எப்படி நம்பறது?"

பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார். அதற்குள் ஆதாரம் வராவிட்டால் உத்தரவு.

கோவைக்குத் திரும்பும் பேருந்தில் நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். பெருந்துறை தாண்டியதும் மெல்லச் சொன்னாய்: "மாப்ள, உன்ற கதையில நீ எத்தன யானைய வேணும்னாலும் பறக்க உடு. அந்தப் பொண்ணுகிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். அவ சொன்னா நெசமா இருக்கும்ங்கறது. அதையும் நாம புடுங்கிப்போட்டோம்."

நாம என்றாய். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக நீ என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாளே முகாமுக்குப் போனோம். நீ அவள் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டாய், கேட்டது மட்டும்தான். தெரியாது என்று அவள் சொன்ன இடத்தில் தெரியாது என்றே எழுதினாய். நான் வாயைத் திறக்கப் போனபோதெல்லாம் உன் செருப்பு என் காலை மிதித்தது. "மொதல்ல ஆளைப் படி, அப்பறம் ஆக்டைப் படி" என்று நீ சொன்னது அன்று வாங்கிய மிதியோடு சேர்ந்து எனக்குள் இறங்கியது.

அவள் தாயின் பழைய அடையாள அட்டை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. பல்லடம் போய்த் தறிக்கூடத்தின் வருகைப் பதிவை நகல் எடுத்தோம். தணிக்கை நடந்த இரண்டு நாளும் அவள் அங்கே வேலையில் இருந்தாள். நூலகத்தில் நமக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு கிடைத்தபோது நான் மேஜைமேல் ஏறாத குறை. நீ மட்டும் கணினியை விட்டு எழவில்லை. மேல்முறையீட்டில் அது ரத்தாகியிருந்தது. "தீர்ப்பைக் கண்டா மொதல்ல அது உசுரோட இருக்குதான்னு பாரு" என்றாய். மூன்று நாள் தேடி உசுரோடு இருந்த ஒன்றைப் பிடித்தாய். அவள் ஊர் நிலவரத்துக்கு நான் எடுத்து வந்த வேறு வருஷத்து அறிக்கையையும் தள்ளிவிட்டு, அவள் தாய் கிளம்பிய அதே வருஷத்தில் எழுதப்பட்டதைத் தேடி எடுத்தாய்.

கடைசியில் என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாய். முந்தைய வாக்குமூலத்தின் தப்பு யாருடையது என்று நான் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். 'மேற்படி மூன்று நாட்களும் அடியேனின் கற்பனையில் உதித்தவை' என்று தொடங்கினேன். நீ பேனாவைப் பிடுங்கினாய்.

"உதிக்கறதுக்கு அது என்ன சூரியனா? தப்புன்னு எழுது."

எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய கட்டுரை அதுதான்.

அதிகாரி அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"ஒரு ராத்திரி பத்தாதுன்னு நெனச்சுட்டேனுங்க."

அவர் சிவமலரைப் பார்த்தார். பிறகு பழைய பதிவைப் பார்த்தார். "ஒரு ராத்திரியே போதுமுங்க" என்றார். அடுத்த மாதம் அவள் பெயர் பதிவேட்டில் திரும்ப ஏறியது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம்தான் நீ இருந்தாய். தேர்வு முடிவு வருவதற்குப் பதினொரு நாள் முன்னால் போய்விட்டாய். நம் இருவர் தேர்வு எண்களும் அடுத்தடுத்து வந்திருந்தன. தேறியிருந்தாய்.

இப்போது நான் கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டு அதே மையத்துக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். பழைய வெளிநாட்டவர் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவந்துவிட்டார்கள். உன் சீட்டுகளில் பாதிக்கு மேல், இன்னும் செல்லுமா என்று மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது. தனியாக உட்கார்ந்து தேடுகிறேன். ரத்தான தீர்ப்பு ஒன்றைக் கண்டுபிடித்தால் உன்னைக் கூப்பிடக் கை தானாகச் செல்போனுக்குப் போகிறது. உன் எண் இன்னும் அதில் இருக்கிறது. யாருடைய வாக்குமூலத்தை எழுதினாலும் அவர்களுக்கே சத்தமாகப் படித்துக் காட்டி, "இதுல நானாச் சேத்துனது ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு என்னை அறியாமல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் சிவமலர் வந்தாள். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு ஏதோ சான்று வேண்டும் என்றாள். உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

"மற்ற ஐயா வரேல்லையா?"

அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னேன்.

"எப்பிடி ஐயா?"

உன் ஜனாஸா ஊர்வலத்துக்குப் பின்னால் பல்லடம் வரைக்கும் கூட்டம் நின்றது, உக்கடம் குளம் ஒரு சாண் இறங்கிப்போனது என்று என்னென்னவோ நாக்கின் நுனியில் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"வெள்ளிக்கெழமைங்க அம்மணி. தொழுகை முடிச்சு ஊட்டுக்கு வந்தாரு. சாப்பிட்டாரு. படுத்தாரு. எந்திரிக்கலை."

அவள் இன்னும் ஏதோ வரும் என்பதுபோல என் முகத்தையே பார்த்தாள்.

"அவ்வளவுதானா ஐயா?"

"அவ்வளவுதானுங்க."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சொன்னதை அவள் நம்பிவிட்டாள். என்னால்தான் இன்னும் நம்ப முடியவில்லை.