திறந்த கதவு இசைவாகாது

ஏழு துறைகளுக்கும் உடையவளும், படிச்சட்டத்தைக் காப்பேன் என்று சூளுரைத்து முடி சூடியவளுமான பனித்துறை நாட்டரசி எழினிமாதேவி, வெண்கோட்டைக் காவல் தலைவர் கொற்றங்கீரனுக்கு விடுக்கும் ஓலை.

உமது கோட்டையின் மதில் நிலைக்க. அதன் கிணறுகள் வற்றாதிருக்க. அதனுள் வாழும் குடிகள் நலமே காண்க. அடுத்து உமக்கும் நலம் கூறுவது மரபு. அந்த வரிக்கு வந்ததும் எம் ஓலைநாயகத்தின் எழுத்தாணி நின்றது. யாமும் வற்புறுத்தவில்லை.

கலங்கரை விளக்கின் படிகம் காணாமற்போனதென்று, சென்ற வளர்பிறை ஏழாம் நாள் முற்பகலில், பாய்மரத்துணி தைக்கும் ஓரியின் வீட்டுக்குள் பன்னிரு காவலருடன் நீர் புகுந்தீர். நடுவர் முத்திரையிட்ட ஓலை உம்மிடம் இல்லை. இன்ன வீடு, இன்ன பொருள் என்று எழுதிய ஓலையை வாசற்படிக்குக் கீழே நின்று உரக்கப் படித்த பின்னரே காவலன் கால் உள்ளே செல்லலாம் என்பது படிச்சட்டம். வீடு பற்றி எரிந்தாலோ, உள்ளிருந்து அபயக்குரல் எழுந்தாலோ மட்டுமே அதற்கு விலக்கு. அன்று அவ்வீட்டில் தீயும் இல்லை, அபயக்குரலும் இல்லை. பிள்ளைப்பேறு நிகழ்ந்துகொண்டிருந்தது.

ஓலையின்றி ஏன் புகுந்தீர் என்று யாம் கேட்டதற்கு, கதவு திறந்திருந்தது, திறந்த கதவை வீட்டாரின் இசைவாகக் கொண்டோம் என்று நீர் மறுமொழி விடுத்தீர். அதை மூன்று முறை படித்தோம். படிக்கப் படிக்கச் சினம் குறையவில்லை.

கீரரே, நீரும் இந்நாட்டில் பிறந்தவர்தாமே. ஒருத்திக்கு வலி கண்டதும் அவ்வீட்டில் பூட்டியதையெல்லாம் திறப்பதும் முடிந்ததையெல்லாம் அவிழ்ப்பதும் உமக்குத் தெரியாதா? ஓரியின் மனைவி வெண்ணிக்காகப் பெட்டிகளின் மூடிகள் திறந்து கிடந்தன. கூந்தல் அவிழ்ந்திருந்தது. கொட்டிலில் பசுவின் கயிறும் அவிழ்க்கப்பட்டிருந்தது. அந்தக் கதவு ஒருவரின் வரவுக்காகத் திறந்திருந்தது. அவர் நீர் அல்லர்.

நீரோ, எவரும் தப்பக்கூடாதென்று கதவை அடைத்தீர். பெட்டிகளுக்கு முத்திரை வைத்தீர். ஓரியின் கைகளைப் பாய்க்கயிற்றால் கட்டினீர். மருத்துவச்சி சாத்தியை முற்றத்தில் நிறுத்தி இரண்டு நாழிகை வினவினீர். படிகத்தை மறைக்கும் அளவுக்குத் தன் மடி பெரிதன்று என்றும், தன் கைகளுக்கு உள்ளே வேலை இருக்கிறது என்றும் அவள் கூறியதாகவும், அதற்கு உம் காவலர் நகைத்ததாகவும் அண்டை வீட்டார் எழுவர் சான்று கூறினர்.

குழந்தை மூச்சின்றிப் பிறந்தது.

கதவை அடைத்ததனால் அது நேர்ந்ததென்று யாம் எழுதவில்லை. அதை அறிவார் எவருமில்லை. ஆனால் சாத்தியின் கைகள் அந்த இரண்டு நாழிகையும் எங்கே இருந்தன என்பதை ஊர் அறியும். படிகமோ, துடைப்பதற்காக இறக்கப்பட்டு, விளக்குக் கோபுரத்தின் அடியறையிலேயே துணி சுற்றிக் கிடந்தது. அங்கே தேட உமக்கு ஒருவர் இசைவும் வேண்டியிருக்கவில்லை.

ஆதலின் எம் ஆணை இது. இன்றுமுதல், திறந்த கதவு இசைவாகாது என்னும் வரி படிச்சட்டத்தில் சேர்கிறது. ஏழு துறைகளின் காவற்கூடங்களிலும் அது கல்லில் வெட்டப்படும். அரசியின் கால்களும் அதற்கு அடங்கும். கோட்டைச் சாவிகளை இவ்வோலை கொணர்வோனிடம் இப்போதே ஒப்படைத்து, நடுவர் மன்றம் அழைக்கும் நாளில் குற்றஞ்சாட்டப்பட்டவராக வந்து நில்லும்.

அதற்கு முன் ஒன்று செய்யும். இவ்வோலையை ஏந்தி, பகலில், தனியே, வெண்ணியின் வீட்டுக்குச் செல்லும். படிக்குக் கீழே நின்று முதல் எழுத்திலிருந்து உரக்கப் படியும். அவள் வினவினால் விடை கூறும். அவள் வாளாதிருந்தால் நீரும் வாளாதிரும். அவள் போகச் சொல்லும்வரை அவ்விடம் விட்டு அகலாதீர். கதவு திறந்தே இருந்தாலும் உள்ளே கால் வையாதீர்.

அரச ஓலையைச் சுருட்டி நூலால் முடிந்து அனுப்புவது வழக்கம். இதற்கு யாம் முடிச்சிடவில்லை. வழியில் கேட்போர்க்கெல்லாம் படித்துக் காட்டத் தூதனைப் பணித்துள்ளோம். இது உம் கைக்கு வருமுன் ஊர் அறிந்திருக்கும்.

நங்கூர முத்திரை எம் கையாலேயே இடப்பட்டது.