தட்டு கழுவிய கல்

ஆரணி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜீவாவுக்கு,

ஓசூரில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொன்னபோது, "உன் டகால்டிய வேற எவன்கிட்டயாவது காட்டுடா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அதனால்தான் காகிதம். எழுத்தில் வந்தால் நம் ஊரில் எதையும் நம்புகிறார்கள்.

தாலுகா ஆபீஸ் வாசலில் உன் அம்மாவின் இட்லிக்கடை. அதன் பக்கத்தில் தட்டு கழுவும் கல். அதுதான் விஷயம். பள்ளியில் 'எங்கள் ஊர் வரலாறு' என்று கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நம் ஊர் வரலாறும் ஓர் ஆறுதான்: தண்ணீர் கிடையாது, மணலை யார் வேண்டுமானாலும் அள்ளலாம். நானும் அள்ளினேன். ஜாகீர்தார்கள் ஊரை ஆண்ட காலத்தில் வரி கேட்டு வந்த குதிரைக்காரர்களை மறித்து, அந்தக் கல்லின்மேல் உயிர்விட்டாள் குப்பாச்சி என்றொரு வீராங்கனை என்று எழுதினேன். குப்பாச்சி எங்கள் எதிர்வீட்டு ஆடு. முதல் பரிசு கொடுத்து, ஆண்டு மலரிலும் அச்சடித்துவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். அப்புறம் கற்பூரம். இப்போது தகரக் கூரை, கம்பிவேலி, விழாக்குழு. உன் அம்மாவின் அடுப்பைத் தூக்கிச் சாக்கடை ஓரம் வைத்துவிட்டார்கள்.

குழுத் தலைவர் தருமனிடம் போய், எல்லாம் என் கட்டுக்கதை என்றேன். "எங்க தாத்தாவே இந்தக் கதைய சொல்லிகினு இருப்பாரு. நேத்து பொறந்தவன், பேஜார் பண்ணாம போடா" என்றார். தலைமையாசிரியர், "பரிசு வாங்கினப்ப எங்கடா போச்சு இந்த வாய்?" என்றார்.

கடைசியில் உன் அம்மாவின் காலிலேயே விழுந்து சொன்னேன். "எனக்காகச் சொல்றியா கண்ணு? பத்து வருசமா அவ தலைமேல எச்சித் தண்ணி ஊத்திகினு இருந்திருக்கேன். அதான் முட்டி இப்படி வீங்கிக் கெடக்குது" என்றார். ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைக்கு இடம் பார்த்துக் கொடுத்தேன். எந்தக் கல்லில் எவள் இருக்கிறாளோ, இனி வெளியில் அடுப்பே மூட்டமாட்டேன் என்கிறார்.

நேற்று வேலிக்கு வெளியே அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, "அவதான்டா உன் கையில வந்து எழுதினா" என்று சொல்லி, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார். அழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, ஜீவா.

லீவு போட்டு ஒருநாள் வா. என்னை அடிப்பதானால் அப்புறம் அடி. முதலில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போ. கூப்பிட்டால் வருவாரா, தெரியவில்லை. நீ தூக்கினால் தூக்கலாம். இளைத்து அவ்வளவுதான் இருக்கிறார் இப்போது.

உன்,
குமரேசன்